முதல் டாட்டூ குத்தலாமா? நாற்காலியில் உட்காருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

38 வயதில் என் முதல் பச்சையைக் குத்திக்கொண்டேன். ஆசை வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முடிவெடுத்த பிறகும் மூன்று முறை நாள் குறித்து, இரண்டு முறை குத்தாமலே எழுந்து வந்தேன். முதல் முறை, நான் எடுத்துவந்த முகப்பரு மாத்திரை ஒரு தடை என்பது கடையில் படிவத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது. கட்டியிருந்த அட்வான்ஸ் போயிற்று. இரண்டாம் முறை, ஸ்டென்சிலை (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் மாதிரிப் படம்) ஒட்டிய பிறகு பார்த்தால் தமிழ் எழுத்து உடைந்து கிடந்தது. கூட வந்திருந்த தோழி கவனித்திருக்காவிட்டால் அது அப்படியே என் கையில் ஏறியிருக்கும்.

இரண்டையும் முன்கூட்டியே தவிர்த்திருக்கலாம். யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. வயது வந்த பிறகு, நிதானமாக யோசித்து முதல் பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குத்துவதா வேண்டாமா என்பதை நான் சொல்லப் போவதில்லை. அந்த முடிவை எந்த வரிசையில் எடுத்தால் பணமும் தோலும் வீணாகாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. ஒரே கேள்வியை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

"டாட்டூ குத்தலாமா?" என்று கேட்டால் பதில் வராது. உள்ளே ஐந்து கேள்விகள் இருக்கின்றன: எனக்குப் பச்சை வேண்டுமா? இந்தப் படம் வேண்டுமா? உடம்பின் இந்த இடத்தில் வேண்டுமா? இவர் கையால் வேண்டுமா? இந்த நாளில் வேண்டுமா?

பலர் முதல் கேள்விக்கு "ஆமாம்" சொன்ன வேகத்தில் மற்ற நான்கையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்து வருடம் ஆசைப்பட்டது பச்சைக்கு. படத்தை முடிவு செய்தது கடையில், ஆல்பத்தைப் புரட்டிய பத்து நிமிடத்தில். வருத்தம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிறக்கிறது. நான் விசாரித்த வரையில், குத்தியதற்கு வருந்துகிறவர்கள் பச்சையையே வெறுக்கவில்லை. படத்தின் அளவையோ, மணிக்கட்டில் குத்தியதையோ, அவசரப்பட்ட அந்த நாளையோதான் நொந்துகொள்கிறார்கள்.

ஒரு நோட்டில் ஐந்தையும் தனித்தனிப் பக்கமாக எழுதுங்கள். ஐந்துக்கும் ஆமாம் வரும்வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள். முதல் பக்கத்திலேயே "இல்லை" என்று வந்தால் அதுவும் ஒரு முடிவுதான், அதோடு நோட்டை மூடிவிடலாம்.

முதல் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. ஒரு சாவு, ஒரு பிரிவு, ஒரு பெரிய வெற்றி நடந்த கையோடு எழும் ஆசையைக் கொஞ்சம் ஆறப்போடுங்கள். அந்த ஆசையில் பொய் இல்லை. ஆனால் துக்கத்தின் முதல் மாதத்தில் மனதில் நிற்கும் உருவம் ஒரு வருடம் கழித்து நிற்கும் உருவமாக இருப்பதில்லை. இறந்தவரை நினைவில் வைத்துக் குத்திக்கொண்ட சிலரிடம் பேசினேன். காத்திருந்து குத்தியவர்கள் தேதியையும் முகத்தையும் விட்டுவிட்டு, அவருடைய கையெழுத்தில் ஒரு சொல், அவர் வளர்த்த ஒரு செடி என்று எதையோ தேர்ந்திருந்தார்கள். பிற்பாடு அதைப் பார்ப்பது அவர்களுக்குச் சுமையாக இல்லை.

2. "பிடிக்கவில்லை என்றால் அழித்துக்கொள்ளலாம்" என்ற கணக்கை எடுத்துவிடுங்கள்

லேசரால் அழிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அது ரப்பரால் அழிப்பது போன்ற வேலை இல்லை. டாட்டூ மை மேல்தோலில் தங்குவதில்லை. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது, அதில் குத்தினால் மையும் உதிர்ந்துவிடும். ஊசி ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் இறங்கி, அடியில் இருக்கும் டெர்மிஸ் என்ற அடுக்கில் மையை வைக்கிறது. அங்கே உடம்பின் காவல் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. லேசர் அந்தத் துகள்களை நொறுக்குகிறது, நொறுங்கியதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும்.

அதனால்தான் ஒரே தடவையில் போகாது. ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவே 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுவார்கள். பத்துத் தடவை ஆவதும் உண்டு, அப்படியானால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். கறுப்பு மை எளிதில் மறையும். மஞ்சளும் வெளிர் நிறங்களும் பிடிவாதமானவை. வெள்ளை மையும் தோல் நிற மையும் லேசர் பட்டால் கருத்துப் போவதுகூட உண்டு. தோல் நிறம் அடர்த்தியாக இருப்பவர்களுக்கு லேசர் பட்ட இடம் வெளுக்கவோ கருக்கவோ வாய்ப்பு அதிகம். மொத்தச் செலவு குத்திய செலவைவிடக் கூடுதலாக ஆவது சாதாரணம்.

நிரந்தரம் என்று நினைத்தே முடிவெடுங்கள்.

3. உடம்பு இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான். படம் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால் முதலில் மருத்துவர், பிறகுதான் டாட்டூ கடை.

ஐசோட்ரெட்டினாயின் என்ற முகப்பரு மாத்திரை எடுத்தவர்களை, நிறுத்திய பிறகு 6 மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம். நான் நிறுத்தி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கடைக்காரர் மறுத்தது சரி. அதை அட்வான்ஸ் வாங்கும்முன் கேட்டிருக்கலாம் என்பது மட்டுமே என் வருத்தம். ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்களுக்குக் கசிவு அதிகமாகி மை சரியாக நிற்காமல் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது பச்சையைவிடப் பெரிய ஆபத்து.

சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், தொற்றும் எளிதில் வரும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், இதய வால்வில் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் போகவே கூடாது. சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதிதாக அது கிளம்பலாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். பாலூட்டும் தாய்மார்களையும் பல கடைகளில் எடுப்பதில்லை.

பழைய காயங்களைப் பாருங்கள். வெட்டுப்பட்ட இடமோ, காது குத்திய இடமோ, தடுப்பூசி போட்ட இடமோ தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா? அது கெலாய்டு. உங்கள் தோலுக்கு அந்தச் சுபாவம் இருந்தால் பச்சை குத்திய கோடும் அப்படியே தடிக்கலாம். நெஞ்சும் தோளும் இதற்குப் பேர்போன இடங்கள். குத்துவதா இல்லையா என்பதையே தீர்மானிக்கும் கேள்வி இது. தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

மச்சத்தின் மேல் குத்தவே கூடாது. மச்சம் வடிவமோ நிறமோ மாறினால் அது தோல் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். மேலே மை இருந்தால் அந்த மாற்றம் கண்ணில் படாது.

மைக்கு ஒவ்வாமை வருவதும் உண்டு. எல்லா நிறங்களிலும் சிவப்புதான் அதிகத் தொல்லை தருவது. குத்தி மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட அரிப்பும் தடிப்பும் கிளம்பலாம். முதல் பச்சைக்குக் கறுப்பு மட்டும் போதும் என்று நான் முடிவெடுத்தது இதனால்தான்.

கால அளவு தொடர்பான ஒன்று: ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். வழக்கமான முறையில் மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். போடாதவர்களுக்கு, படம் தேடிக் காத்திருக்கும் காலம் இதற்குப் பொருத்தமானது. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி கிடையாது. அதற்குச் சுத்தமான ஊசி ஒன்றுதான் காப்பு.

4. வேலை விதிகளை எழுத்தில் பாருங்கள்

சீருடை அணியும் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணம் இருந்தால், வெளியே தெரியும் பச்சை பற்றிய விதியை அந்த அமைப்பின் அறிவிப்பிலேயே படியுங்கள். "இப்போதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை" என்று நண்பர் சொல்வதை நம்பாதீர்கள். விதியில் பெரும்பாலும் இடமும் அளவும் குறிப்பிட்டிருக்கும். முகம், கழுத்து, கை விரல் ஆகியவற்றை முதல் பச்சைக்கு எடுக்காமல் இருந்தாலே பாதிச் சிக்கல் இல்லை. பொறுப்பான ஆர்ட்டிஸ்ட் பலர், உடம்பில் வேறு பச்சையே இல்லாதவருக்கு இந்த இடங்களில் குத்த மறுத்துவிடுவார்கள்.

5. படமும் இடமும்: இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்

மை காலப்போக்கில் தோலுக்குள் கொஞ்சம் பரவும். இன்று முடி போல மெல்லியதாக இருக்கும் கோடு பத்து வருடத்தில் தடித்திருக்கும். நெருக்கமான இரண்டு கோடுகள் ஒன்றாகிவிடும். ஆகவே சின்னப் படத்துக்குள் நிறைய நுணுக்கம் வேண்டாம். ஒன்று, படத்தைப் பெரிதாக்குங்கள், இல்லை, நுணுக்கத்தைக் குறையுங்கள். ஆர்ட்டிஸ்ட் காட்டும் படங்கள் பெரும்பாலும் குத்திய அன்றே எடுத்தவை. "ஆறிய பிறகு எடுத்த படம் இருக்கிறதா? இரண்டு மூன்று வருடம் ஆனது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

விரல், உள்ளங்கை, பாதத்தின் ஓரம் போன்ற இடங்களில் தோல் சீக்கிரம் தேய்கிறது, மை திட்டுத்திட்டாகப் போய்விடும். வயிறும் இடுப்பும் எடை ஏறி இறங்கும்போது உருவம் மாறும். மேல்கையின் வெளிப்புறம், முன்கை, தோள்பட்டையின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவை முதல் பச்சைக்கு நல்ல இடங்கள். வலியும் தாங்கும்படி இருக்கும், மையும் நிலைக்கும். விலா எலும்பு, முழங்கை, கணுக்கால் எலும்பு, அக்குள் பக்கம் எல்லாம் நன்றாகவே வலிக்கும்.

தமிழ் எழுத்தில் குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் எழுத்தில் சுழிகள் அதிகம். ன-வுக்கும் ண-வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். எழுத்து சிறிதாக இருந்தால் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் மை பரவி அடைபட்டுப் போகும், பிறகு எது எந்த எழுத்து என்று தெரியாது. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தனியாக நின்று மச்சம் போலத் தெரியும். எனக்கு முதலில் இரண்டு வரிக் கவிதையைக் கைக்குக் குறுக்கே எழுதும் எண்ணம் இருந்தது. அந்த அளவில் பத்து வருடத்தில் அது கறுப்புப் பட்டையாகிவிடும் என்று ஒரு ஆர்ட்டிஸ்ட் காகிதத்தில் வரைந்தே காட்டினார். கடைசியில் "மழை" என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றேன்.

அதிலும் ஒரு பொறி இருந்தது. தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் எழுத்தை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறிவிடும். "ழை"-யில் ழகரத்துக்கு முன்னால் வர வேண்டிய ஐகாரக் கொம்பு என் ஸ்டென்சிலில் பின்னால் போய் நின்றது. ஒகர, ஓகாரக் குறிகளில் இன்னும் மோசம், மூன்று துண்டாகச் சிதறும். சில நேரம் புள்ளி வைத்த வட்டம் ஒன்று நடுவே முளைக்கும். ஆர்ட்டிஸ்டுக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவருக்கு அது ஒரு வடிவம் மட்டுமே, தவறு கண்ணில் படாது.

இதற்கு வழி: எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். கையால் பெரிதாக எழுதி ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது, எழுத்துரு உடையும் வேலையே இல்லை. ஒற்று மிகுமா, ர-வா ற-வா என்பதையெல்லாம் தமிழ் நன்றாக எழுதத் தெரிந்த இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிக்கொள்ள வேண்டாம் என்பது என் கட்டாயமான கருத்து. இணைய மொழிபெயர்ப்பை நம்பிக் குத்தியதைத் திருத்த வழி கிடையாது.

காதலர் பெயர், துணைவர் பெயர் பற்றிக் கேட்பீர்கள். அது உங்கள் விருப்பம். நான் குத்த மாட்டேன்.

6. மூன்று மாதம் கூடவே வைத்துப் பாருங்கள்

படத்தை உண்மை அளவில் அச்சிட்டு, குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுங்கள். தற்காலிக ஸ்டிக்கராக அச்சிட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். தோலுக்கு ஆகும் பேனாவால் வரைந்தும் கொள்ளலாம். வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள், உறவினர் வீட்டுக்குப் போங்கள். யாராவது "இது என்ன?" என்று கேட்கும்போது சொல்லப் பிடிக்கிறதா, சொல்லச் சங்கடமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு கேள்விக்கு நீங்கள் காலம் முழுக்கப் பதில் சொல்லப் போகிறீர்கள்.

எச்சரிக்கை: "கறுப்பு மருதாணி" என்ற பெயரில் போடும் தற்காலிகப் பச்சையை ஒத்திகைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் பி.பி.டி. என்ற தலைமுடிச் சாய ரசாயனம் கலப்பது உண்டு. கொப்புளமும் தழும்பும் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தலைமுடிச் சாயமும் ஆகாமல் போகும். இயல்பான மருதாணி சிவப்பாகத்தான் பிடிக்கும்.

மூன்று மாதம் என்பது நான் வைத்துக்கொண்ட கணக்கு. அந்தக் காலத்தில் என் இடம் மாறியது: மணிக்கட்டில் தொடங்கி மேல்கையின் உட்புறத்துக்குப் போனேன். எப்போதும் என் கண்ணிலேயே பட்டுக்கொண்டிருந்தால் அலுத்துவிடும் என்று மூன்றாவது வாரமே புரிந்துவிட்டது.

7. கடையை நேரில் போய்ப் பாருங்கள்

குத்தும் நாளுக்கு முன் ஒருமுறை சும்மா போய் வாருங்கள். வேறொருவருக்குக் குத்திக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்து கவனியுங்கள். பார்க்க வேண்டியவை:

- ஊசி, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய குழல்) சீல் பிரிக்காத பொட்டலத்திலிருந்து, வாடிக்கையாளர் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா? பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கிறதா?
- மை, சின்னக் கிண்ணத்தில் ஒருவருக்கு மட்டும் ஊற்றப்பட்டு மிச்சம் கொட்டப்படுகிறதா? பாட்டிலுக்குள் ஊசி நேராகப் போனால் எழுந்து வந்துவிடுங்கள்.
- மையை எதில் கரைக்கிறார்கள்? கிருமி நீக்கிய நீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிகள் சில தோலுக்குள் போனால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டிய தொற்று வரும்.
- கையுறையோடு செல்போனைத் தொட்டுவிட்டு அதே கையுறையோடு வேலையைத் தொடர்கிறாரா?
- மறுபடி பயன்படுத்தும் உலோகப் பிடி இருந்தால் அது ஆட்டோகிளேவில் வெந்ததா? அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் என்பது வழக்கமான கணக்கு. வெந்நீரோ டெட்டாலோ அதற்கு ஈடாகாது.
- பயன்படுத்திய ஊசி போடத் தனிப் பெட்டி இருக்கிறதா?

இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பவரிடம் குத்தாதீர்கள். நல்ல ஆர்ட்டிஸ்டுக்கு இந்தக் கேள்விகள் பழக்கம், சிலர் நாம் கேட்கும் முன்பே காட்டிவிடுகிறார்கள். மை எந்தத் தயாரிப்பு என்றும் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அந்த விதிக்கு ஒத்த மை என்று பாட்டிலில் போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். பெயரோ பேட்ச் எண்ணோ இல்லாத பாட்டில் வேண்டவே வேண்டாம்.

ஆர்ட்டிஸ்டின் திறமைக்கு ஒரே அளவுகோல், உங்களுக்கு வேண்டிய பாணியில் அவர் செய்த பழைய வேலை. முகங்களை அற்புதமாக வரைபவர் எழுத்தில் சொதப்பலாம். உங்கள் நிறத்தை ஒத்த தோலில் செய்த வேலையையும் கேட்டுப் பாருங்கள்.

8. செலவை முழுதாகக் கணக்குப் போடுங்கள்

விலை மூன்று விதமாகச் சொல்வார்கள்: அளவுக்கு, மணிக்கு, மொத்தமாக. எதுவானாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும். ஒரு புள்ளி வைத்தாலும் அதைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஊசி, கையுறை, மேசை தயாரிப்பு எல்லாம் ஒன்றுதான். மணிக்கணக்கு என்றால் ஸ்டென்சில் ஒட்டும் நேரமும் இடைவேளையும் சேருமா என்று கேளுங்கள்.

அட்வான்ஸ் பெரும்பாலும் திரும்ப வராது. இறுதிக் கட்டணத்தில் கழிப்பார்களா, நாளை மாற்றினால் செல்லுமா, எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், உடல்நிலை காரணமாக அவர்களே மறுத்தால் என்ன ஆகும், இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். நான் கடைசிக் கேள்வியைக் கேட்கவில்லை, பணம் போனது அதனால்தான்.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்: படத்தைத் திரும்ப வரைந்தால் தனிக் கட்டணம், பராமரிப்புக் களிம்பும் சோப்பும், மை விட்டுப்போன இடத்தைத் திருத்தும் டச்-அப் இலவசமா என்பது, தேவைப்பட்டால் மருத்துவர் கட்டணம், ஒன்றிரண்டு நாள் விடுப்பு. பணம் போதவில்லை என்றால் மாதங்களைக் கூட்டுங்கள், ஆர்ட்டிஸ்டின் தரத்தைக் குறைக்காதீர்கள். பேரம் பேசி அளவைச் சுருக்குவதும் ஆகாது, சுருக்கினால் கோடுகள் நெருங்கிவிடும்.

9. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

வயதைக் காட்டும் புகைப்பட அடையாள அட்டை. மூன்றாம் பகுதியில் சொன்ன எதுவும் உங்களுக்கு இருந்தால் மருத்துவரின் கடிதம். எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், பெயரும் அளவுமாக.

கடை தரும் சம்மதப் படிவத்தை ஒரு நாள் முன்பே அனுப்பச் சொல்லிப் படியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பதற்றத்தோடு படித்தால் எதுவும் மண்டையில் ஏறாது. மூன்று வரிகளைத் தேடுங்கள். எழுத்துப்பிழைக்கு யார் பொறுப்பு? ஸ்டென்சிலை ஒப்புக்கொண்டு நீங்கள் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு உங்களுடையது என்றே அநேகமாக இருக்கும். உங்கள் உடம்பின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதமா? விருப்பமில்லை என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். டச்-அப் எத்தனை மாதத்துக்குள்?

உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தால் பாதிப்பு உங்கள் தோலுக்குத்தான்.

முடிந்ததும் ரசீது வாங்குங்கள். மை பாட்டிலின் லேபிளையும் ஊசிப் பொட்டலத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அரிப்பு வந்தால் தோல் மருத்துவர் முதலில் கேட்பது "என்ன மை?" என்பதுதான்.

10. நாள் குறிப்பது

மேல்தோல் ஆற 2 முதல் 4 வாரம். உள்ளே முழுதாகத் தேற மூன்று மாதம் வரை ஆகலாம். அதனால் திருமணம், கடற்கரைப் பயணம், நீச்சல், விளையாட்டுப் போட்டி, மலையேற்றம் எதுவானாலும் அதிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். ஊருக்குப் போகும் முந்தின நாளும், ஊருக்குப் போன இடத்திலும் முதல் பச்சை வேண்டாம். தொற்று வந்தால் குத்தியவரிடம் திரும்பிப் போய்க் கேட்க முடியாது.

ரத்த தானம் செய்பவர் என்றால் குத்துவதற்கு முன்பே ஒருமுறை கொடுத்துவிடுங்கள். பச்சைக்குப் பிறகு காத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு மாறும், ஓராண்டு வரை நீளும் இடங்கள் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நாள் குறித்திருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். பச்சை இருப்பவர்களும் ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் அபூர்வமாக அந்த இடத்தில் சூடோ எரிச்சலோ தோன்றும் என்பதால் எப்போதும் சொல்லிவிட வேண்டும்.

வெயிலில் கருகிய தோல், சொறி, காய்ச்சல் இருந்தால் நாளைத் தள்ளுங்கள்.

11. அந்த நாள்

நன்றாகத் தூங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் போனால் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். முந்தின நாளிலிருந்தே மது கூடாது. தண்ணீர் குடியுங்கள். குத்தும் இடம் எளிதில் திறக்கும்படியான பழைய, தளர்வான துணி உடுத்துங்கள், மை கறை போகாது.

மரத்துப்போகும் களிம்பை ஆர்ட்டிஸ்டைக் கேட்காமல் பூசிப் போகாதீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில், 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்து உள்ள களிம்புகள் பற்றி எச்சரிக்கை விட்டது. அவற்றைப் பெரிய பரப்பில் பூசி பிளாஸ்டிக்கால் சுற்றினால் மருந்து ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பு தடுமாறலாம், வலிப்பு வரலாம். சின்னப் படத்தின் வலி தாங்கக்கூடியதுதான். சூடான கம்பியால் கீறுவது போல எரியும், நிறுத்தினால் உடனே தணியும்.

ஸ்டென்சில் ஒட்டியதும் எழுந்து நில்லுங்கள். கையைத் தொங்கவிட்டும், மடக்கியும் பாருங்கள், படுத்தபடி ஒட்டியது நிற்கும்போது சாய்ந்திருக்கும். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதால் செல்போனில் நேராகப் படம் எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து உரக்கப் படியுங்கள். கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள். திருப்தி இல்லையென்றால் துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டச் சொல்லலாம். என் மூன்றாவது முயற்சியில் ஆர்ட்டிஸ்ட் நான்கு முறை ஒட்டினார், ஒரு முறைகூட முகம் மாறவில்லை. இந்தக் கட்டத்தில் "வேண்டாம்" என்று எழுந்து வந்தாலும் இழப்பது அட்வான்ஸ் மட்டுமே.

12. பிறகு ஆறு வாரம்

ஆர்ட்டிஸ்ட் ஒட்டிய படலத்தை அவர் சொன்ன நேரம்வரை வைத்திருங்கள். பிறகு கையைச் சோப்பால் கழுவிவிட்டு, வாசனையில்லாத மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு ஒருநாளைக்கு இரண்டு மூன்று முறை கழுவி, சுத்தமான காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். களிம்பு மெல்லியதாகப் போதும். தடிமனாகப் பூசினால் தோல் ஊறிப்போகும்.

நான்காம் ஐந்தாம் நாளில் தோல் உரியத் தொடங்கும், அரிக்கும். சொறியாதீர்கள், உரிக்காதீர்கள், மையும் கூடவே வந்துவிடும். குளம், கடல், நீச்சல்குளம், தொட்டியில் ஊறுவது எல்லாம் ஆறும்வரை கூடாது. நேர் வெயிலும் வேண்டாம். ஆறிய பிறகு வெளியே போகும்போதெல்லாம் அந்த இடத்தில் சன்ஸ்கிரீன் பூசுங்கள், மை மங்குவதற்கு வெயில்தான் முக்கியக் காரணம்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் வீக்கமும் மை கலந்த கசிவும் இயல்பு. அதன் பிறகு சிவப்பு சுற்றிலும் பரவினால், வலி கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், செந்நிறக் கோடு மேல்நோக்கி ஓடினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆர்ட்டிஸ்டுக்குப் படம் அனுப்பிப் பதிலுக்காகக் காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள்.

ஆறாவது வாரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோட்டில் விட்டுப்போன இடம், வெளிறிய திட்டு இருந்தால் படம் எடுத்து, படிவத்தில் உள்ள கெடுவுக்குள் டச்-அப் கேளுங்கள். என்னுடையதில் ழகரத்தின் அடிச்சுழியில் நெல்மணி அளவு மை நிற்கவில்லை. இருபது நிமிட வேலை, படிவத்தில் இருந்ததால் கட்டணம் வாங்கவில்லை.